மாப்பிள்ளை தூங்க ஓர் அறை

மே 4

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் கல்யாணச் சீரோடு இந்தக் கட்டில் டெம்போவில் வந்து இறங்கியபோதே, மண்டப வாசலில் நின்று சொன்னேன், இதில் படுப்பவனுக்குத் தூக்கம் பிடிக்காது என்று. என் அண்ணன் காதில் வாங்கவில்லை. அண்ணி, பந்தி போட்டாச்சு, போய்ச் சாப்பிடுங்கள் என்றாள். இன்றைக்கு அந்தக் கட்டிலில் படுக்கிற பூபதி மாப்பிள்ளைக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. அன்று நான் சொன்னதைக் கேட்ட நானூறு பேரில் ஒருவராவது போன் போட்டு, வையாபுரி, உன் வாக்குப் பலித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நன்றி கெட்ட சனம்.

இது உரக்கடையில் கொடுத்த பழைய டைரி. தேதி சரியாக இருக்கும், கிழமை தப்பாக இருக்கும். கிழமையை யாரும் பொருட்படுத்த வேண்டாம். பிற்காலத்தில் தூக்கம் பற்றி யாராவது புத்தகம் போட்டால் உதவட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

முந்தாநாள் அண்ணன் மகள் கோகிலவாணி ஈரோட்டிலிருந்து போன் செய்தாள். "சித்தப்பா, அவருக்குப் பகல்ல தூக்கமே புடிக்க மாட்டேங்குதுங். ராத்திரியானா வண்டி ஏறோணும். ஒண்ணாந்தேதியிலிருந்து பாசஞ்சர் வண்டிக்கு மாத்தறாங்க. அத்தனை சனத்தை வெச்சு ஓட்டோணுமுங். எனக்குப் பயமா இருக்குதுங்" என்றாள். கட்டிலைத் திருப்பிப் போட உங்களுக்குத் தெரிந்த ஆசாரி யாராவது இருக்கிறாரா என்றுதான் கேட்டாள். தூக்கத்தைப் பற்றி ஆசாரிக்கு என்ன தெரியும். நானே வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை கூட்ஸ் ரயில் ஓட்டுகிறார். ஊரில் அதைப் பெரிய வேலையாகப் பேசுகிறார்கள். ஸ்டியரிங் இல்லாத வண்டி. தண்டவாளம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் அதுவும் போகும். எதிரில் மாடு வராது, டவுன்பஸ் வராது, ஓவர்டேக் கிடையாது. இதை ஓட்டப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்யவேண்டுமாம்.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன். போடியிலிருந்து இலவம்பஞ்சு லோடு. கொங்குநாட்டில் பாதிச் சனம் தூங்கியது நான் ஏற்றிவந்த பஞ்சின்மேல்தான். ஒரு கலெக்டர்கூட, பேர் வேண்டாம், என் பஞ்சில் படுத்த பிறகுதான் தனக்குக் குறட்டை வந்தது என்று சொன்னதாகக் கேள்வி. ஸ்டியரிங் அலுத்துப்போய் நாற்பத்தொன்றாம் வயதில் நானாகவே இறங்கிவிட்டேன். இப்போது பெருந்துறையில் எடைமேடையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறேன். ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். என் கணக்கில் இது மூன்று நாள் வேலை.

அறையைப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. கொல்லம்பாளையத்தில் மாடி வீடு, மேல் வெயில் முழுக்க அறையின் தலையில். மேற்கே ஜன்னல். கட்டிலின் தலைமாடு வடக்கே. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூட வடக்கே தலை வைக்காது. பூமியின் காந்தம் வடக்கிலிருந்து இழுக்கும்போது மூளையில் இருக்கிற இரும்புச்சத்து அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். ஒதுங்கினால் தூக்கம் எப்படி வரும். இதை விளக்கிச் சொன்னேன். மாப்பிள்ளை, சரிங்க மாமா, என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார். கண் இரண்டும் கோவைப்பழம்.

மே 5

கட்டிலைத் திருப்பினோம். பத்துக்குப் பத்து அறை. ஆறே முக்கால் அடிக் கட்டில். அந்தக் காலத்தில் ஆசாரி அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கட்டில்போல, எந்தப் பக்கம் நகர்த்தினாலும் சுவரில் இடிக்கிறது. நான் மூளையால் வழிநடத்த, மாப்பிள்ளையும் கோகிலவாணியும் தூக்கினார்கள். இரண்டு மணி நேரம். முடிவில் தலைமாடு தெற்கே வந்துவிட்டது.

மே 6

கதவு பாதிதான் திறக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழையலாம். நுழைய நுழைய வயிறும் குறையும் என்றேன். "அப்ப நீங்க ஒருக்கா நுழைஞ்சு காட்டுங்க சித்தப்பா" என்றாள் கோகிலவாணி. எனக்கு வேறு வேலை இருந்தது.

மே 7

மாப்பிள்ளை காலை ஏழுக்கு டூட்டி முடிந்து வந்தார். எட்டுக்குப் படுத்தார். எட்டே காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தார். ஒன்பதுக்குப் புரண்டார். ஒன்பதரைக்கு உட்கார்ந்தார். பத்துக்கு மறுபடி படுத்தார். பதினொன்றுக்கு வெளியே வந்து, தூக்கம் தெளிஞ்சிருச்சுங்க மாமா என்றார். தெளிவதற்கு முதலில் வந்திருக்க வேண்டும்.

ஆண்பிள்ளை என்றால் படுத்தால் தூங்கத் தெரியவேண்டும். இதையெல்லாம் ஒருவன் கற்றுக்கொடுக்கவா முடியும்.

மே 8

மெத்தைக்கடைக்குப் போனோம். ஏசி போட்டிருக்கிறான், மெத்தை விற்கிறவனுக்குத் தூக்கம் வரட்டும் என்று. கழுத்தில் பட்டை கட்டிய ஒருவன் வந்து, இது ஞாபகசக்தி உள்ள மெத்தை சார், உங்கள் உடம்பின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்றான். மெத்தைக்கு எதற்கு ஞாபகம். தூக்கம் என்றாலே எல்லாம் மறப்பதுதானே. இதை நான் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அங்கே இருந்த நாலைந்து குடும்பம் எழுந்து போய்விட்டது. கழுத்துப்பட்டைக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. அழுத்திப் பார்த்தேன், கை உள்ளே போய்ச் சாவகாசமாகத் திரும்பி வருகிறது. சேற்றில் விழுந்த எருமைதான் இப்படி எழுந்திருக்கும்.

மாப்பிள்ளை ஒரு மெத்தையில் படுத்துப் பார்த்தார். கண்ணை மூடவேயில்லை. மேலே ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கவில்லை. பவானி ரோட்டில் பஞ்சு அடிக்கிற இடத்தில் இலவம்பஞ்சு மெத்தை தைக்கச் சொல்லியிருக்கிறேன். போடிப் பஞ்சுதானா என்று முகர்ந்து பார்த்தே சொல்லிவிட்டேன். பஞ்சுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். கும்பிடாவிட்டாலும் எழுந்து நின்றார்.

மே 9

வெளிச்சம்தான் அடுத்த எதிரி. கோகிலவாணி ஜன்னலுக்கு ரோஜாப்பூப் போட்ட திரை மாட்டியிருக்கிறாள். வெயில் அந்தப் பூவெல்லாம் வழியாக உள்ளே வந்து மாப்பிள்ளை முகத்தில் ஆடுகிறது. கழற்றி எறிந்தேன். எடைமேடைக்கு வருகிற லாரிக்காரரிடம் சொல்லி ஒரு தார்ப்பாய் வரவழைத்தேன். ஜன்னல்மேல் வைத்து இருபத்தெட்டு ஆணி அடித்தேன். இப்போது நடுப்பகலில் அறைக்குள் உங்கள் கை உங்களுக்கே தெரியாது. விஞ்ஞானிகள் இதற்காக எத்தனையோ செலவு செய்கிறார்கள்.

மே 10

அறைக்குள் தார் வாசமும் வெக்கையும். இட்லிச்சட்டிக்குள் படுத்த மாதிரி இருக்குதுங்க மாமா என்றார் மாப்பிள்ளை. வெளியே வரும்போது, நான் திருப்பிப் போட்ட கட்டில்கால் அவர் முழங்காலுக்குக் கீழே பதம் பார்த்துவிட்டது. நடக்கத் தெரியாதவர்கள்தான் ரயில் ஓட்டப் போகிறார்கள்.

தேங்காயெண்ணெய் போட்டுவிட்டாள் கோகிலவாணி. என்னைப் பார்த்து, எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்காமல், லீவு எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்று கேட்டாள். பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள். நீட்டித்துவிட்டேன் என்றேன்.

மே 12

கீழ்வீட்டு அம்மாள் இட்லிமாவு அரைத்து விற்கிறவள். காலை ஒன்பதிலிருந்து கிரைண்டர். தரை வழியாக ஏறிவந்து கட்டில்காலில் நடுக்கம். நானே இறங்கிப்போய்ப் பேசினேன். ரயில்வேயிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னேன். ஒருவகையில் உண்மை, ரயில்வேக்காரர் வீட்டிலிருந்துதானே வந்தேன். அந்தம்மாள் மாவுக் கையை உதறிவிட்டு, "ஏனுங், ரயிலுச் சத்தத்துல பொழைக்கிறவருக்கு என்ற கிரைண்டர் சத்தம்தான் இடிக்குதுங்களா?" என்றாள். படிக்காத பெண். இருந்தாலும் கேள்வியில் விஷயம் இருந்தது. கிரைண்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

பஞ்சு மெத்தை வந்துவிட்டது. ஒரு முழ உயரம். படுத்தால் சிம்மாசனம். மாப்பிள்ளை ஏறிப் படுத்தார், நடுவில் பள்ளம் விழுந்து மூழ்கிப்போனார். பழகிவிடும்.

மே 13

இன்று மதியம் நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

தூங்குகிறாரா என்று பார்க்கக் கதவிடுக்கில் நுழைந்தேன். செல்போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. என் தார்ப்பாய் ஜெயித்துவிட்டது என்று நினைத்துத் திரும்பப் போனேன். அப்போது வலதுகைக் கட்டைவிரல் அசைந்தது. மெத்தையை ஒரு அமுக்கு. விட்டது. கொசு என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு அமுக்கு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒரு தரம். பதினாறு நிமிடம் அங்கேயே நின்று பார்த்தேன். பதினாறு அமுக்கு. ஒன்று தப்பவில்லை.

தூக்கத்திலும் கைவேலை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு செல்போனைத் தடவித் தடவி வந்த வியாதி என்று முடிவு செய்து, சாப்பிடும்போது கேலியாகச் சொன்னேன். மாப்பிள்ளை ரசம் ஊற்றிய கையை அப்படியே வைத்துக்கொண்டார். கோகிலவாணிதான் சிரித்தபடி விளக்கினாள். எஞ்சினில் ஒரு பட்டன் உண்டாம். டிரைவர் விழித்திருக்கிறார் என்று வண்டிக்குத் தெரியவேண்டுமாம். கை ஒரு நிமிடம் சும்மா இருந்தால் விளக்கு எரியும், அந்தப் பட்டனை அமுக்கவேண்டும். அமுக்காவிட்டால் சத்தம் போடும், அப்புறம் வண்டி தானாகவே நின்றுவிடும். "பழக்க தோசமுங் சித்தப்பா. நான் மாவு பெசையறாப்பல தூக்கத்துல கையை ஆட்டறதில்லீங்களா, அது மாதிரி" என்றாள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பாதிச் சோற்றோடு கை கழுவினார்.

எனக்கும் ஏனோ சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் புளி அதிகம்.

மே 14

மாலை ஐந்துக்கு ஆபீசிலிருந்து டூட்டிக்குக் கூப்பிட்டு போன் வந்தது. மாப்பிள்ளை பெட்டியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். நான் மாடிச் சுவரோரம் நின்று, தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். தலையை முன்னால் போட்டுக்கொண்டு நடக்கிறார். அந்த நடை எனக்குத் தெரியும். காலுக்குத் தெரிந்த பாதையில் கால் தானாகப் போகிற நடை.

மே 15

மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. ஜோலார்பேட்டை போய்த் திரும்பவேண்டும். டிவியில் செய்தி வைத்தாள் கோகிலவாணி. எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள். நானும் சும்மா பார்த்தேன். நான்கு சேனல்.

மே 16

மெத்தை ஈரம் கோத்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டதால்தான் என்று கோகிலவாணி சொல்கிறாள். பஞ்சைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். வெயிலில் போட்டு எடுக்க நானும் மாப்பிள்ளையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனோம். அவர் காலையில்தான் வந்திருந்தார். படுக்கவேயில்லை. ஆளுக்கு ஒரு குச்சியை எடுத்து மெத்தையை அடித்தோம். தூசி பறந்தது. வெயிலில் அடிப்பதால் பஞ்சுக்கு உயிர் வரும் என்பது பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன்.

நடுவில் அவர் அடிப்பதை நிறுத்திவிட்டார். கோகிலவாணி கீழே இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். பிறகு மெத்தையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாமா, போன மாசம் ஒரு நாளுங். மொரப்பூரு தாண்டுனது நெனப்பிருக்குது. அடுத்தது திருப்பத்தூரு பிளாட்பார வெளிச்சம். நடுவுல ஒண்ணுமே இல்லீங். சாமல்பட்டி எப்ப வந்துச்சு, எப்பப் போச்சு, சிக்னல் என்னா கலருல இருந்துச்சு, ஒண்ணுந் தெரியாது. கண்ணத் தொறந்து உக்காந்திருந்திருக்கேன். பட்டனை மட்டும் கை அமுக்கிட்டே வந்திருக்குது."

அசிஸ்டென்ட் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பக்கத்தில்தான் இருந்தானாம். சிக்னலைப் பார்த்து அவன் கலர் சொல்லச் சொல்ல, இவரும் பதிலுக்குச் சொல்லியிருக்கிறார். வாய்க்கும் பழக்கமாகிவிட்டது.

அதன்பிறகு எத்தனை தரம் என்று கேட்டேன்.

"நேத்தோட மூணுங்."

ஆபீசில் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், பாசஞ்சர் ஆர்டர் போய்விடும், லைனில் எல்லோரும் பூபதி தூங்குமூஞ்சி என்று பெயர் வைப்பார்கள் என்றார். எட்டு வருடம் கூட்ஸ் ஓட்டி வாங்கிய ஆர்டர். "ஒரு நாலு நாளு நல்லாத் தூங்கிட்டாச் சரியாப் போயிருமுங் மாமா. அதுக்குத்தான் நீங்க சொன்னதையெல்லாம் கேட்டுட்டு இருக்கேன். கோகிலாகிட்ட சொல்லிறாதீங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. மெத்தையைத் திருப்பிப் போட்டோம் என்று நினைக்கிறேன்.

மே 17

எழுத ஒன்றுமில்லை. வெயில் அதிகம்.

மே 18

காலையில் முதல் வேலையாகத் தார்ப்பாயைப் பிடுங்கினேன். இருபத்தெட்டு ஆணியும் இருபத்தெட்டு ஓட்டை விட்டுப் போயிருக்கிறது. கோகிலவாணி கேட்டதற்கு, முதல்கட்டச் சிகிச்சை முடிந்தது, இரண்டாம் கட்டத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்றேன். அவள் கடைக்குப் போனாள். இன்று மாலை டூட்டி இருக்கும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மாப்பிள்ளையை ஹாலில் உட்காரவைத்தேன். உட்காருங்க மாப்ள, உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும் என்றேன். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

போடியிலிருந்து பஞ்சு ஏற்றி வந்த காலம். சீசன். மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓட்டம். தேனி, வத்தலக்குண்டு, திண்டுக்கல், எல்லாம் தெரிந்த பாதை. ஒட்டன்சத்திரத்தில் டீ குடித்தது ஞாபகம். அடுத்து ஞாபகம் வருவது தாராபுரம் பாலம். நடுவில் ஒன்றுமே இல்லை. வளைவெல்லாம் கை ஒடித்திருக்கிறது. லைட்டை டிம் செய்திருக்கிறேன், ஹாரன் அடித்திருக்கிறேன். நான் மட்டும் அங்கே இல்லை. பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, லாரியைச் சுற்றிவந்தேன். பம்பரில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன்.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு வாரத்தில் நான் பேசும்போது அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

நேராக ஈரோடு குடோனுக்கு வந்தேன், லோடை இறக்கினேன், முதலாளியிடம் போய்ச் சாவியை மேசைமேல் வைத்தேன் என்றேன். மொதலாளி, வண்டியில நான் தூங்கிட்டேனுங்க, இனி என்னை நம்பி வண்டி குடுக்காதீங்க என்று சொன்னதாகச் சொன்னேன். முதலாளி திட்டவில்லை, தோளைத் தட்டினார், மூன்று மாதம் வீட்டில் கிட என்று அனுப்பினார், கிடந்தேன், தூக்கம் திரும்பி வந்தது, நானும் வண்டிக்குத் திரும்பினேன். அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஓட்டினேன், ஒரு கோழிக்குஞ்சின்மேல்கூட ஏற்றியதில்லை. இப்படிச் சொன்னேன்.

"வெக்கமா இல்லீங்களா மாமா, போயி அப்படிச் சொல்றதுக்கு?"

"வெக்கம் ஒரு வாரம் இருந்துச்சு மாப்ள. அப்பறம் தூக்கம் வந்துருச்சு."

நான் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் என் பெண்டாட்டி நம்பமாட்டாள். கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு போன் அடித்தது. மாப்பிள்ளை எடுத்தார். அந்தப் பக்கம் வண்டி நம்பர் சொன்னது எனக்கே கேட்டது. இவர் வாயைத் திறந்து மூடினார். இன்னொரு தரம் திறந்தார். "சார், நான் சிக் ரிப்போர்ட் பண்றேனுங்க" என்றார். என்ன உடம்புக்கு என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள். "தூக்கமில்லீங்க சார். வண்டியில அசந்துட்டேன். மூணு தடவை" என்றார்.

போனை வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

மே 19

ரயில்வே டாக்டர் பார்த்தாராம். சோதனையெல்லாம் முடியும்வரை வண்டி கிடையாது. பாசஞ்சர் ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். திரும்பத் தருவோம் என்றும் சொல்லவில்லை, தரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுப்பார்களாம்.

விஷயம் எல்லாம் கோகிலவாணிக்குத் தெரிந்துவிட்டது. சமையலறையில் அழுதாள். ஆர்டர் போனதற்கா, அந்த மூன்று தரமும் யார் உயிரும் போகாமல் இருந்ததற்கா என்று கேட்கவில்லை.

மே 20

இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாப்பிள்ளை தூங்கிவிட்டார். அறையில் அல்ல. தெற்கே தலைவைத்த கட்டிலில் அல்ல, போடிப் பஞ்சில் அல்ல. ஹாலில், ஒரு பழைய பவானி ஜமக்காளத்தின்மேல், வடக்கே தலைவைத்து, ஜன்னல் வெயில் முகத்தில் விழ, கீழே கிரைண்டர் கடகடவென்று ஓட, வாயைப் பிளந்துகொண்டு காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை தூங்கினார். ஒரு மனுசன் தலையால் தண்ணீர் குடித்து அறை அமைத்துக் கொடுத்தால் இதுதான் மரியாதை. பிற்காலத்தில் புத்தகம் போடுகிறவன் பார்த்தால் என் ஆராய்ச்சி என்ன ஆகும்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டைவிரலைப் பார்த்தேன். ஒரு மணி நேரம். அசையவில்லை.

மே 21

காலையில் தோசை சுட்டாள் கோகிலவாணி. மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தார். மூன்றாவது தோசையைப் போட்டுவிட்டு, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவரு சொன்னாருங் சித்தப்பா. நீங்க மொதலாளிகிட்டப் போயிச் சாவியக் குடுத்தத."

நான் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் திண்டுக்கல்லுக்கு என்னைப் பார்க்க வந்தபோது இவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்போது இவளுக்கு ஏழு வயது. பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள்.

"நான் அவருகிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்" என்றாள். நான்காவது தோசைக்கு நெய் விட்டாள். எனக்கு நெய் ஆகாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் விட்டாள். நானும் தின்றேன்.

மதியம் நாங்கள் மூவரும் சேர்ந்து கட்டிலைப் பழையபடி திருப்பினோம். இந்த முறை நானும் ஒரு கால் பிடித்தேன். கதவு முழுசாகத் திறக்கிறது.

மே 23

பெருந்துறை. எடைமேடை. காலையிலிருந்து நாற்பது வண்டி. ஒவ்வொரு டிரைவரும் சீட்டு வாங்க ஜன்னலுக்கு வருவான். கண்ணைப் பார்ப்பேன், சீட்டைக் கொடுப்பேன். சிலரை, டீ குடித்துவிட்டுப் போ என்பேன். சிரிக்கிறார்கள். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று.

மாப்பிள்ளை போன் செய்தார். நேற்றும் தூங்கினாராம். லைனில் ஒருவன் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டானாம். பதிலுக்கு இவர், எங்க மாமாவும் இப்படித்தான் சாவியைக் குடுத்துட்டு வந்து, அப்பறம் ஒன்பது வருசம் ஓட்டினாரு என்று சொன்னாராம். பெருமையாகச் சொல்கிறார். இனி அது ஈரோடு லைன் முழுக்கப் போகும். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று மாப்பிள்ளைக்குச் சொன்னதெல்லாம் நடந்ததுதான். ஒட்டன்சத்திரத்து டீ, தாராபுரம் பாலம், பம்பரைக் கையால் தடவியது, எல்லாம் அப்படியே. சாவியைக் கொண்டுபோய் முதலாளி மேசைமேல் வைத்ததும் அதற்கப்புறம் வந்ததும் மட்டும் நான் கட்டிய கதை. வைக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு லோடை இறக்கினேன், நல்ல ஓட்டம் முதலாளி என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குப் போனேன். அதற்கும் அடுத்த நடை தை மாதம். பழனிக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டோரமாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பச்சை வேட்டி. பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் கோர்ட்டிலும் சொன்னேன், திண்டுக்கல் ஜெயிலுக்குப் பார்க்க வந்த அண்ணனிடமும் சொன்னேன். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. நான் மிதிக்கவேயில்லை.

சாவியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் வண்டிக்குள் கையை விட்டு உருவி எடுத்துக்கொண்டார்.